முட்டையிடும் கோழிக்கு நாம் பட்ட கடன்

கோதையாற்றை மறித்துக் கட்டப்பட்ட பேச்சிப்பாறை அணை 1906 ஆம் ஆண்டு நிறைவுற்றது. அதன் நீரால் கீழே நாஞ்சில் நாட்டு வயல்கள் விளைகின்றன. அணையைச் சூழ்ந்த மலைச்சரிவிலோ ரப்பர்த் தோட்டங்களும், மரச்சீனி விளைகளும், மிளகுக் கொடி படர்ந்த பலா மரங்களுமே எங்கும் காட்சி தருகின்றன. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் ஒருங்கே வாய்த்த மண் இது. ஆனால் மழை பெய்யும் நாளில் ரப்பர்ப் பால் வடிக்க இயலாது. பால் வடியாத நாளில் சிறு விவசாயியின் கையில் காசும் புரளாது. அத்தகைய நாள்களில் அடுப்பெரிய உதவுவது, வீட்டுப் பெண்கள் முட்டை விற்று முந்தானையில் முடிந்து வைக்கும் சிறு தொகைதான்.

இறையச்சமுடைய குடும்பமொன்று, தனக்குள்ள ஓரிரு ஏக்கரில் ஐம்பது அல்லது நூறு முட்டைக்கோழிகளை வளர்க்க எண்ணுகிறது என்று கொள்வோம். அதன் முன் இரண்டு வழிகள் உள்ளன. கம்பிக் கூண்டுகளை அடுக்கி, கோழிகளை அவற்றுள் அடைத்து, தீனியும் நீரும் இருந்த இடத்திலேயே கொடுப்பது ஒரு வழி. பகலெல்லாம் மரநிழலில் மேயவிட்டு, இரவில் கூட்டில் அடைப்பது மற்றொரு வழி. இரண்டிலும் கிடைக்கும் முட்டை ஹலால்தான், அதில் ஐயமில்லை. அவ்வாறாயின், இரண்டுக்கும் இடையே மார்க்க நோக்கில் வேறுபாடு ஏதும் இல்லையா? தராசில் நிறுத்தால் ஒரே எடை காட்டும் இரு முட்டைகள் மறுமையின் தராசிலும் ஒரே எடைதான் காட்டுமா?

கோழியைப் பற்றியே நேரடியாக வந்துள்ள நபிமொழி ஒன்றை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். இளைஞர் சிலர் ஒரு கோழியைக் கட்டி வைத்து, அதை இலக்காக்கி அம்பெய்து விளையாடியதை இப்னு உமர் (ரலி) கண்டார். அவரைப் பார்த்ததும் அவர்கள் சிதறி ஓடினர். இவ்வாறு செய்வோரை அண்ணல் நபி (ஸல்) சபித்துள்ளார்கள் என்று அவர் எடுத்துரைத்தார். புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ள செய்தி இது. கோழியை அறுத்து உண்பது தடை செய்யப்படவில்லை. நபிகளாரே கோழி இறைச்சி உண்டதை அபூமூஸா (ரலி) கண்டுரைத்திருக்கிறார். தடுக்கப்பட்டது, உயிருள்ள ஒன்றைத் தப்பிக்க வழியின்றிக் கட்டிவைத்து, அதன் வேதனையைப் பொருட்படுத்தாமல் நம் விருப்பத்தை நிறைவேற்றிக் கொள்வது. விளையாட்டுக்காகக் கட்டுவதும் வியாபாரத்துக்காக அடைப்பதும் ஒன்றாகிவிடா என்பது உண்மையே. ஆயினும், ‘தேவைக்காக’ என்னும் சொல்லை எதுவரை நீட்டலாம் என்று கேட்கும் கடமை நமக்கு உண்டு.

இந்நாட்டின் முட்டைக் கூண்டுகளில் ஒரு கோழிக்குப் பொதுவாகக் கிடைத்து வந்த இடம் ஏறத்தாழ 450 சதுர சென்டிமீட்டர். நாம் விண்ணப்பம் எழுதும் ஏ4 தாளின் பரப்பே 620 சதுர சென்டிமீட்டருக்கு மேல் வரும். அந்த இடத்தில் அது சிறகை விரிக்க முடியாது. மண்ணைக் கிளற முடியாது. புழுதியில் புரண்டு குளிக்க முடியாது. முட்டையிடும் வேளையில் மறைவிடம் தேடி அலைவது கோழியின் பிறவிக் குணம். அந்தத் தேட்டம் கூண்டில் நாள்தோறும் எழுந்து நாள்தோறும் வீணாகிறது. நெருக்கத்தால் ஒன்றையொன்று கொத்துமென்று அலகு நுனியைச் சுட்டுக் குறைப்பதும் வழக்கம். இம்முறையை ஆராய்ந்த இந்தியச் சட்ட ஆணையம் 2017 ஜூலையில் தனது 269 ஆவது அறிக்கையை அளித்து, புதிய விதிகளின் வரைவையும் அதனுடன் இணைத்தது. ஐரோப்பிய ஒன்றியமோ 2012 ஜனவரி முதலே வெறுங்கூண்டு முறையைத் தடை செய்துவிட்டது.

நமக்கு இது புதிய பாடம் அன்று. ஹிஜ்ரி 660 இல் மறைந்த பேரறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ்ஸலாம், மனிதன்மீது விலங்குகளுக்குள்ள உரிமைகளைச் சட்ட அறிஞரின் கண்கொண்டு வகுத்துரைத்தார். அவற்றின் தங்குமிடமும் நீரருந்துமிடமும் நல்லனவாக இருத்தல் வேண்டும். தம் இனமாயினும் பிற இனமாயினும் தம்மைக் காயப்படுத்துவனவற்றோடு அவற்றைச் சேர்த்து அடைத்தலாகாது. இணைசேரும் பருவத்தில் ஆணையும் பெண்ணையும் பிரித்தலாகாது. முதுமையாலோ நோயாலோ பயனற்றுப் போனாலும் அவற்றுக்குரிய செலவைச் செய்தல் வேண்டும் என்பன அவர் கருத்துகள். அலகைச் சுடும் பண்ணை இவற்றுள் இரண்டாவதைத் தலைகீழாக நிறைவேற்றுகிறது: காயப்படுத்தும் நெருக்கத்தை நீக்காமல், காயப்படுத்தும் அலகை நீக்குகிறது!

இறைவன்மீது உண்மையாக நம்பிக்கை வைத்தால், காலையில் வெறும் வயிற்றோடு புறப்பட்டு மாலையில் நிறைந்த வயிற்றோடு திரும்பும் பறவைக்கு அவன் உணவளிப்பது போல உங்களுக்கும் அளிப்பான் என்பது நபிகளாரின் போதனை. திர்மிதியில் பதிவான இதனைத் தவக்குலுக்குச் சான்றாக எத்தனையோ உரைகளில் கேட்டிருக்கிறோம். பறவை கூட்டை விட்டுப் புறப்படுகிறது, சோம்பிக் கிடப்பதில்லை என்பதே அதன் நுட்பம் என்றும் அறிஞர் விளக்குவர். அடைபட்ட கோழிக்கு அந்தப் புறப்பாடு இல்லை. மாலை நேரத் திரும்புதலும் இல்லை. இறைவன் எந்தப் பறவையை நமக்கு உவமையாகக் காட்டச் செய்தானோ, அந்தப் பறவையிடமிருந்து உவமைக்குரிய செயலையே நாம் பறித்துவிட்டோம்.

இரவையும் பறித்திருக்கிறோம். பேச்சிப்பாறையில் ஆண்டு முழுவதும் பகற்பொழுது ஏறக்குறைய 12 மணி நேரந்தான். கோழி மிகுதியாக முட்டையிட ஏறத்தாழ 16 மணி நேர வெளிச்சம் வேண்டும் என்பதால், பெரும் பண்ணைகளில் விளக்கேற்றிப் பகலை நீட்டுகின்றனர். இரவை ஓய்வுக்காக ஆக்கியதாகத் திருமறை கூறுவது மனிதனை நோக்கியே என்று ஒருவர் வாதிடலாம். ஆனால் மஃரிபு நேரத்தில் தானாகவே கூடடையும் கோழியைக் கண்டவர் அந்த வாதத்தை உரத்துப் பேச மாட்டார்.

இவ்வளவும் கூறிய பின், மறுபக்கத்து நியாயத்தை மறைப்பது நேர்மையாகாது. 2019 ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி, வளர்ப்புப் பறவைகளின் எண்ணிக்கையில் தமிழகமே இந்தியாவில் முதலிடம். ஏறத்தாழ 12 கோடி. நாமக்கல் வட்டாரத்துக் கூண்டுப் பண்ணைகளே முட்டையை ஏழையின் கைக்கெட்டும் விலைக்குக் கொண்டு வந்தன. 1989 இல் தமிழகச் சத்துணவில் முட்டை சேர்க்கப்பட்டது. பள்ளிப் பிள்ளைகளின் தட்டில் இன்று இருக்கும் முட்டை அந்தப் பண்ணைகளிலிருந்து வந்ததே. அந்தத் தாய்மாரிடம் சென்று, ‘உன் பிள்ளை உண்ணும் முட்டை கருணையற்றது’ என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. கடமை வசதிக்கேற்பவே அமைகிறது. நிலமற்றவர், விலை கொடுக்க இயலாதவர் மீது இக்கேள்வி சுமத்தப்படவில்லை. நிழலும் மண்ணும் இறைவன் தந்த அமானத்தாகக் கைவசம் இருக்க, அவற்றை விட்டுவிட்டுக் கம்பி வாங்கப் புறப்படும் குடும்பத்தின் மீதுதான் அது சுமத்தப்படுகிறது.

ஆனால் ‘திறந்து விட்டுவிட்டேன், இனி இறைவன் பார்த்துக்கொள்வான்’ என்பதும் பொறுப்பன்று. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு நம்பிக்கை வைக்கச் சொன்ன மார்க்கம் இது. மலையோரத்தில் கீரி உண்டு, மரநாய் உண்டு, மலைப்பாம்பும் பருந்தும் உண்டு. கதவு தாழிடாத கூட்டில் ஓர் இரவில் இருபது கோழிகள் மாண்டால், அதை விதியென்று சொல்லுமுன் தாழ்ப்பாளைப் பார்க்க வேண்டும். மழையில் நனைந்து ஊறிய தரையில் இரத்தக்கழிச்சல் பரவும். வெள்ளைக்கழிச்சல் வந்தால் கூட்டமே காலியாகும். ஆதலால் தரையிலிருந்து உயர்ந்த கூடு, உலர்ந்த படுக்கை, காலந்தவறாத தடுப்பூசி, குடற்புழு நீக்கம் ஆகியன எல்லாம் இங்கே கருணையின் உறுப்புகளே. மேய்ச்சல் மட்டும் வயிற்றை நிரப்பாது. நாள்தோறும் முட்டையிடும் கலப்பினக் கோழிக்கு நாளொன்றுக்கு 110 கிராம் அளவில் தீனி வேண்டும். நூறு கோழிக்குப் பதினொரு கிலோ. ரப்பர்ச் சருகைக் கிளறித் தின்னும் புழுவும், பானையில் வளர்த்த கறையானும், தவிடும் அதில் ஒரு பங்கையே ஈடு செய்யும். முட்டை ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டுமே என்று கலங்க வேண்டியதில்லை. நம் கடற்கரையில் சிப்பி ஓடு கிடைக்கும். அதை இடித்துக் கொடுக்கலாம்.

அடுத்து வருவது, பலரும் எண்ணிப் பாராத கேள்வி. பொரிப்பகத்தில் முட்டையினக் குஞ்சு வாங்கும்போது பெட்டைகளே நம் கைக்கு வருகின்றன. அவற்றோடு பொரித்த சேவல் குஞ்சுகள் எங்கே? முட்டையிடா, இறைச்சிக்கும் விரைவில் வளரா என்பதால் அவை பிறந்த நாளிலேயே அழிக்கப்படுகின்றன. ஜெர்மனி 2022 முதல் இதனைச் சட்டத்தால் தடுத்தது. காரணமின்றிக் கொல்லப்பட்ட சிட்டுக்குருவியும் மறுமையில் முறையிடும் என்று கேட்டு வளர்ந்த நாம், நம் முற்றத்தில் நடவாத கொலை நம்முடையது அன்று என்று இருந்துவிட முடியுமா? நாட்டு இனத்தை அடை வைத்துப் பொரித்தால் சேவலுக்கும் வீட்டில் இடமுண்டு; அதன் கூவலில் சுபுஹுக்கு எழலாம். ஆனால் நாட்டுப் பெட்டை ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டைகளே இடும். கூண்டுக் கலப்பினமோ 300 ஐத் தாண்டும்.

இந்த இடைவெளியைக் குறைக்க நம் மாவட்டத்திலேயே ஒரு முயற்சி நடந்ததுண்டு. 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராமச் சீரமைப்பு நிலையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் என்னும் அமெரிக்கர், உயரினச் சேவல்களைக் கொண்டு நாட்டுக் கோழியை மேம்படுத்தவும், குடிசைகளின் முட்டைகளைக் கூட்டுறவாகச் சேர்த்து விற்கவும் ஏற்பாடு செய்தார். அவர் சமயம் வேறு. ஆயினும் ஏழையின் முற்றத்திலிருந்தே தொடங்க வேண்டும் என்ற அவர் எண்ணத்தை நாம் பாராட்டத் தயங்க வேண்டியதில்லை. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகே ‘வில்லோபுரூக்’ பண்ணையை நிறுவிய லுத்ஃபி ரத்வான், ரூபி ரத்வான் தம்பதியர், ஹலாலோடு தைய்யிபும் சேர வேண்டும் என்பதையே கொள்கையாகக் கொண்டனர். திருமறை அவ்விரு சொற்களையும் இணைத்தே பேசுகிறது. அறுக்கும் கணத்தை மட்டும் பார்த்துவிட்டு, வாழ்ந்த காலத்தைப் பாராதிருப்பது நமக்குப் பழகிவிட்டது.

விற்பனையிலும் சோதனை உண்டு. பழுப்பு ஓடு கோழியின் இனத்தைக் காட்டுமேயன்றி அது மேய்ந்ததைக் காட்டாது. கூண்டில் பிறந்த பழுப்பு முட்டையை ‘நாட்டு முட்டை’ என்று விற்பவரும், வெள்ளை முட்டைக்குத் தேயிலைச் சாயமேற்றுபவரும் சந்தையில் உள்ளனர். தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் ஈரத்தைக் கண்ட நபிகளார் அவ்வணிகரிடம் கேட்ட கேள்வியை நாம் அறிவோம். நேர்மையான பண்ணைக் குடும்பம், மழைக்காலத்தில் கோழிகளை அடைத்து வைத்திருந்தால் அதையும் வாங்குபவரிடம் சொல்லியே விற்கும். மேய்ச்சல் கோழியிடத்தும் குறை கண்ட மார்க்கம் இது: அசுத்தம் தின்று திரிந்த பிராணியை ஜல்லாலா என்று விலக்கியது. அத்தகைய கோழியை இப்னு உமர் (ரலி) மூன்று நாள் அடைத்துத் தூய தீனி கொடுத்த பின்பே உண்பார் என அறிவிக்கப்படுகிறது. நம் வீட்டுப் பெரியவர்கள் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்ததும் அதற்காகத்தான்.

இறுதியாக, முட்டை நின்ற கோழி. இப்னு அப்துஸ்ஸலாமின் சொல் இங்கேதான் கனக்கிறது. அது இறைச்சிக்கு உதவுமாயின், ‘பிஸ்மில்லாஹ்’ கூறி, கூரிய கத்தியால், மற்றக் கோழிகளின் கண்ணுக்கு மறைவாக அறுத்து உண்ணலாம். ஏழை வீட்டுக்கும் ஒரு பங்கு அனுப்பலாம். ஆகாதது, இனி வரவில்லை என்பதற்காகத் தீனியைக் குறைத்துத் தானே சாகட்டும் என்று விடுவது. பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் கொன்ற பெண்ணின் வரலாறு எந்த வீட்டுக்கும் தெரியாததன்று. ஆகவே, கணக்கெழுதும் குடும்பம் தொடக்கத்திலேயே, முட்டை நின்ற பிறகு அறுக்கும் நாள் வரைக்குமான தீனிச் செலவையும் முட்டையின் விலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதனால் முட்டைக்குச் சிறிது விலை கூடும். வாங்க வருபவர் காரணம் கேட்டால், கூட்டருகே அழைத்துச் சென்று அந்தக் கிழக் கோழியைக் காட்டலாம்.