அபயம் அளிப்பது யார் கடமை?

மூப்படைந்து மனம் கலங்கி இருப்பவரைப் பார்த்து, ஈசுவரன் மேல் பாரத்தைப் போட்டுவிட்டுச் சும்மா இருங்கள் என்று உபதேசிப்பது நம்மிடையே நெடுநாளைய வழக்கம். கவலையை ஒழிப்பது அவரவர் சொந்த சாதனை என்றும், ஒழிக்க இயலாதவர் பக்குவம் பெறாதவர் என்றும் கருதும் எண்ணமே அந்த உபதேசத்துக்கு அடிப்படை. அவ்வெண்ணம் முற்றும் உண்மைதானா என்று ஆராயப் புகுந்தால், எலும்பைப் பற்றிய சாஸ்திரம் நமக்கு ஒரு சாட்சியம் தருகிறது.

தசையும் உதிரமும் அழிந்த பின்னும் எஞ்சி நிற்பதால் எலும்பை ஸ்திரமான வஸ்து என்று எண்ணுகிறோம். ஆயினும் உயிருள்ள சரீரத்தில் அது ஓயாத சிருஷ்டிக்கும் சம்ஹாரத்துக்கும் இடமாக இருக்கிறது. பழைய எலும்பைக் கரைக்கும் உயிரணுக்களும் புதியதைக் கட்டும் உயிரணுக்களும் இடைவிடாது தொழில் புரிவதால், ஆண்டுதோறும் எலும்புக்கூட்டில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு புதிதாகிறது. முதுமையிலோ, கட்டுவதைக் கரைப்பது முந்திவிடுகிறது.

இந்நிலையில் மனக்கலக்கமும் வந்து சேர்கிறது. சிறுநீரகங்களின் மேல் அமைந்த அட்ரீனல் சுரப்பிகள், ஆபத்து நேருங்கால் கார்ட்டிசால் என்னும் ஹார்மோனை மிகுதியாகச் சுரந்து, குருதியில் சர்க்கரையை ஏற்றி, அப்போதைய போராட்டத்துக்கு வேண்டிய வலிமையைத் தருகின்றன. அதே ஹார்மோன் நெடுநாள் மிகுந்திருந்தால், எலும்பு கட்டும் அணுக்களை ஒடுக்கி, குடல் சுண்ணாம்புச் சத்தை ஏற்பதைக் குறைத்து, சிறுநீரில் அது கழிவதைப் பெருக்கிவிடுகிறது. பஞ்சத்தில் விதைநெல்லைக் குத்தி உண்ணும் குடியானவனின் செயல் அன்றைக்கு உயிரைக் காக்குமேயன்றி, அதுவே வழக்கமானால் அடுத்த போகத்துக்கு வழியில்லை.

அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் 1932-இல் விவரித்த நோயில், இந்த ஹார்மோன் மிகுந்தவர்களுடைய முதுகெலும்புகள் நலிந்திருந்தன. 1948-இல் முடக்குவாத நோயாளிக்கு முதன்முதலாக, கார்ட்டிசாலின் இனத்தைச் சேர்ந்த கார்ட்டிசோன் கொடுத்து வியத்தகு பலன் கண்ட பிலிப் ஹென்ச் முதலிய மூவர் 1950-இல் நோபல் பரிசு பெற்றனர். அவ்வகை மருந்துகளை நெடுநாள் உண்டால் எலும்பு நொறுங்கும் என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று. நோயிலும் மருந்திலும் காணும் அளவுக்குக் கவலை இந்த ஹார்மோனைப் பெருக்குவதில்லை. முதியோரின் எலும்புத் தேய்வுக்கு மாதவிடாய் நிற்பதும் ஊட்டக் குறைவும் உடலுழைப்பின்மையும் பெரிய காரணங்கள். ஆயினும், வைகறையில் உயர்ந்து நள்ளிரவில் தணியவேண்டிய கார்ட்டிசால் மூப்பில் இரவிலும் போதிய அளவு தணியாதிருக்கும் போக்கு உண்டாகையால், ஓயாத அச்சம் அந்த வயதில் கூடுதலான சுமையாகிறது. விழுந்துவிடுவோமோ என்ற பயத்தால் நடையைக் குறைத்தவருக்கு, நடையின்மையாலேயே எலும்பு மேலும் மெலிகிறது.

ஒருவர் கற்ற வேதாந்தம் எத்தகையது என்று சரீரம் விசாரிப்பதில்லை. ஆபத்து நீங்கிற்றா, நீங்கவில்லையா என்பதையே அது அறியும். மாதத்துக்கு ஒரு பிள்ளை வீடு என்று பெட்டியோடு மாறிக்கொண்டிருக்கும் தாய்க்கும், இரவில் விழுந்தால் தூக்க யார் வருவார் என்று அறியாத தகப்பனுக்கும் அது நீங்கவில்லை. ஜபமும் தியானமும் அவர்களுக்கு ஆறுதல் தரலாம்; வைராக்கியத்தால் அச்சத்தைக் கடந்த மகான்களும் உண்டு. அச்சத்தை உண்டாக்கியவர்களே அந்த வைராக்கியத்தை முதியோரிடம் எதிர்பார்ப்பது நியாயமாகாது.

நம் சமயங்கள் அச்சமின்மையைப் பெறத்தக்க குணமாக மட்டும் கூறாமல், கொடுக்கத்தக்க பொருளாகவும் கூறியிருப்பது சிந்திக்கத்தக்கது. நடராஜ மூர்த்தியின் வலக்கரங்களுள் ஒன்று அபயம் காட்டுகிறது; வலியவன் எளியவனுக்கு அளிப்பதே அபயம். சமணர் வகுத்த நால்வகைத் தானங்களில் உணவும் சாஸ்திரமும் ஒருபுறமிருக்க, ஔஷத தானமும் அபய தானமும் தனித்தனியே எண்ணப்பட்டன. மருந்து வாங்கிக் கொடுத்ததோடு கடமை தீர்ந்தது என்று கருதும் மகனுக்கு இந்தப் பாகுபாடு ஒன்றை உணர்த்துகிறது: அபய தானம் இன்னும் பாக்கி நிற்கிறது. கவலைப்படாதீர்கள் என்று முதியவரிடம் சொல்லும் உரிமை, அக்கவலையின் காரணங்களில் ஒன்றையேனும் தன் கையால் நீக்கியவருக்கே உண்டு.