முன்னுரிமையும் நீதியும்

பலரது தேவைகளை ஒரே நேரத்தில் நிறைவுசெய்ய இயலாத இடமெங்கும் எதனை முதலிற் கவனிப்பது என்னும் வினா எழுகின்றது. முக்கியமானதையே முதலிற் கவனித்தல் வேண்டும் என்பது நாம் வழக்கமாகக் கூறும் விடையாகும். அறிவுக்குப் பொருந்துவதாகத் தோன்றும் இவ்விடையினுள் இரு எடுகோள்கள் மறைந்துள்ளன. முக்கியத்துவமும் முன்னுரிமையும் ஒன்றே என்பது முதலாவது. மேலிருப்பவர் கீழிருப்பவரில் தங்கியிராதவர் என்பது இரண்டாவது. இவை எத்துணைப் பொருத்தமானவை என்பதைக் கணனித்துறையின் அனுபவமொன்றைத் துணையாகக் கொண்டு ஆராய்வது பயனுடைத்து.

விமானத்தையோ விண்கலத்தையோ கட்டுப்படுத்தும் கணனியில், காலம் தாழ்த்தி வரும் சரியான விடையும் பிழையான விடையே. அங்கு பல பணிகள் ஒரே செயலியைப் பகிர்ந்துகொள்கின்றன. அவற்றை எவ்வாறு வரிசைப்படுத்துவது என்பதை லியூ, லேலாண்ட் என்னும் இருவர் 1973இல் கணிதமுறையாக ஆராய்ந்தனர். ஒவ்வொரு பணிக்கும் மாறாத முன்னுரிமை அளிப்பதாயின், குறுகிய இடைவெளியில் மீண்டும் மீண்டும் வரும் பணிக்கே உயர்ந்த இடம் அளித்தல் வேண்டும் என்பது அவர்தம் முடிபு. பத்து மில்லிசெக்கனுக்கு ஒருமுறை வரும் சிறு பணி, ஒரு செக்கனுக்கு ஒருமுறை வரும் பெரும் பணியை முந்தும். பெரும் பணி மதிப்பிற் குறைந்தது என்பதன்று இதன் பொருள்; அதனாற் காத்திருக்க முடியும் என்பதே பொருள். எனவே முன்னுரிமை என்பது மதிப்பின் அளவுகோலன்று. முதலாவது எடுகோள் இவ்வாறு தளர்ந்துவிடுகின்றது.

இவ்வாய்வில் மனங்கொள்ளத்தக்க பிறிதொன்றும் உண்டு. செயலியின் மொத்தச் சுமை ஏறத்தாழ 69 வீதத்தைத் தாண்டாதவிடத்து, பணிகள் எத்தனையாயினும் அனைத்தும் தத்தம் காலவரம்புக்குள் நிறைவெய்தும் என அவர்கள் நிறுவினர். முதலிடத்திலுள்ள பணி நிறைவெய்துவது மட்டும் போதாது. எல்லாப் பணிகளும் ஒருங்கே எழும் கடினமான கணத்திலும், கடைசிப் பணி உரிய காலத்தில் முடிதல் வேண்டும். அப்பொழுதே அவ்வொழுங்கு சரியானதென ஏற்கப்படும்.

ஆயின், இக்கணிப்புப் பணிகள் ஒன்றையொன்று சாராதவை எனக் கொண்டது. சார்ந்திருப்பின் யாது நிகழும்? 1997 யூலை 4ஆந் திகதி செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிய பாத்பைண்டர் விண்கலம் இதற்கு விடை கூறிற்று. இறங்கிய சில நாட்களில் அதன் கணனி தன்னைத்தானே மீளத் தொடக்கிக்கொள்ளலாயிற்று. அன்றைய எஞ்சிய வேலைகள் மறுநாளுக்குத் தள்ளப்பட்டன. தரவுப் பரிமாற்றத்தை மேற்பார்வை செய்த பணி அங்கு உயர்ந்த முன்னுரிமை பெற்றிருந்தது. வானிலைத் தரவு திரட்டும் பணி தாழ்ந்த முன்னுரிமை பெற்றிருந்தது. இரண்டும் பொதுவான வளமொன்றை ஒருவர்பின் ஒருவராகப் பயன்படுத்தின. வானிலைப் பணி அவ்வளத்தைப் பூட்டி வைத்திருந்த வேளையில், இடைநிலைப் பணிகள் குறுக்கிட்டுச் செயலியைப் பற்றிக்கொண்டன. கீழ்ப்பணியால் தொடர இயலவில்லை, ஆதலால் பூட்டைத் திறக்கவும் இயலவில்லை, மேற்பணி காத்துக்கிடந்தது. பணி உரிய நேரத்தில் முடியாமை கண்ட கண்காணிப்பு முறைமை கணனியை மீளத் தொடக்கிற்று. விதிகள் யாவும் ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்பட்டன. விளைவோ அவ்விதிகளின் நோக்கத்துக்கு நேர்மாறாயிற்று.

இதற்கான பரிகாரம் முன்னரே அறியப்பட்டிருந்தது. ஷா, ராஜ்குமார், லெஹொட்ஸ்கி ஆகியோர் 1990இல் அதனை விரிவாக ஆராய்ந்திருந்தனர். உயர்ந்த பணியொன்று தாழ்ந்த பணிக்காகக் காத்திருக்க நேரின், பூட்டைத் திறக்கும்வரை தாழ்ந்த பணி அவ்வுயர்ந்த பணியின் முன்னுரிமையைக் கையேற்கும் என்பதே அது. விண்கலத்தின் மென்பொருளில் இவ்வசதி இருந்தும் குறித்த பூட்டில் இயக்கப்படாதிருந்தது. பூமியிலிருந்த மாதிரிக் கணனியிற் குறையைக் கண்டறிந்த பொறியியலாளர், அவ்வசதியை இயக்கும் திருத்தத்தைச் செவ்வாய்க்கு அனுப்பினர்.

இக்குறை ஏவுதலுக்கு முந்திய சோதனைகளிலும் தலைகாட்டியிருந்தது. மீண்டும் தோற்றுவித்துப் பார்க்க இயலாமையாலும், தரையிறங்கும் மென்பொருளே கவனத்தை முதன்மையாக வேண்டி நின்றமையாலும் அது தீர்க்கப்படாதிருந்தது. அவர்களைக் குறைகூறல் எளிதன்று. பாதுகாப்பாக இறங்காவிடில் மற்றவை யாவும் வீணே. எனினும், நியாயமான ஒத்திவைப்புக்கும் ஒரு விலை உண்டு என்பதை இது உணர்த்துகின்றது.

இரண்டாவது எடுகோளின் பிழை மனித வாழ்விலும் இத்தகையதே. சத்திரசிகிச்சை நிபுணரின் நேரம் விலைமதிப்புடையது என்போம். ஆயின் கருவிகளைத் தொற்றுநீக்கும் ஊழியர் இடைநிலை ஏவல்களுக்காக அழைக்கப்பட்டுக்கொண்டிருப்பின், நிபுணர் கையுறை அணிந்தபடி காத்திருக்க வேண்டியதே. கீழிருப்பவரை மதித்தல் இரக்கத்தால் வருவதன்று. உண்மையை உள்ளபடி காண்பதனால் வருவது.

எனினும் இவ்வொப்புமையை எல்லைமீறிக் கொண்டுசெல்லலாகாது. மேற்பணிக்குத் தேவைப்படும் வரையிலேயே கீழ்ப்பணி உயர்த்தப்படுகின்றது. பூட்டைத் திறந்ததும் பழைய இடத்துக்கு மீள்கின்றது. பணிக்கு அதனாற் குறையொன்றுமில்லை, அது துன்புறுவதில்லை. மனிதனோ பிறருக்குப் பயன்படும் வேளையில் மட்டும் மதிப்புப் பெறுபவன் அல்லன். எவரும் தங்கியிராத முதியவருக்கும் நோயாளிக்கும் உரிமை உண்டு. அவர்களைப் பொறுத்தவரை முன்னுரிமைக் கையேற்பு உதவாது. 1973ஆம் ஆண்டின் ஆய்வு வற்புறுத்திய நிபந்தனையே உதவும். கடைசியில் நிற்பவருக்கும் ஒரு காலவரம்பு இருத்தல் வேண்டும். அதனைப் பேணுவதற்காக ஆற்றல் முழுவதையும் நிரப்பாது சிறிது இடம் விட்டுவைத்தலும் வேண்டும். அவ்விடத்தை வீண் எனக் கருதுவோர், அதன் விலையைக் கடைசியில் நிற்பவர் செலுத்துவதைக் காண்பதில்லை.

முன்னுரிமை முறையைத் தீர்மானிக்கலாம், உரிமையைப் பறித்தலாகாது. ஓர் ஒழுங்கு நீதியானதா என அறிய விழைவோர், முதலில் நிற்பவர் எத்துணை விரைவாகச் சென்றார் என்பதோடு அமையாது, இறுதியில் நின்றவர் உரிய வேளையிற் சென்றடைந்தாரா என்பதையும் வினவுதல் வேண்டும்.