கூடையில் மிஞ்சியது

1937 முதல் 1939 வரை அயர்லாந்தின் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை தரப்பட்டது. வீட்டுப் பெரியவர்களிடம் பழங்காலத்துச் சேதிகளைக் கேட்டு நோட்டில் எழுதிவர வேண்டும். நாட்டாரியல் ஆணையத்தின் ஏற்பாடு அது; சுமார் 5,000 பள்ளிகள் பங்கெடுத்தன. அந்த ஏடுகளில் உருளைக்கிழங்கு திரும்பத் திரும்ப வருகிறது.

பச்சைக் கிழங்கைத் துருவித் துணியிலிட்டுப் பிழிவார்கள். பிழிந்த நீரைத் தெளியவிட்டால் அடியில் வெள்ளை மாவு தங்கும். சட்டைக் கழுத்துப்பட்டை விறைக்க அதுதான் கஞ்சி. பிழிந்த துருவலையும் எறிவதில்லை. மாவோடு பிசைந்து இரும்புக்கல்லில் சுட்டால் ‘பாக்ஸ்டி’ என்ற ரொட்டி. பொடிக்கிழங்கும் தோலும் பன்றிக்கும் கோழிக்கும். மூட்டுவலிக்காரர் ஒரு கிழங்கைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு நடப்பார். விதைக்கு அறுக்கும்போது துண்டுக்கு ஒரு முளைக்கண்ணாவது இருக்க வேண்டும். அந்தக் கத்திக்கு அப்படியொரு பக்குவம்.

சாப்பாட்டு நேரம்தான் என் மனத்தில் நிற்கிறது. தோலோடு அவித்த கிழங்கை, குச்சிகளால் முடைந்த கூடையில் கொட்டி வடிப்பார்கள். கூடையைப் பானையின் வாய்மேலேயே வைத்துவிட்டால் மேசை தேவையில்லை. வீடே சுற்றி உட்கார்ந்து நகத்தால் தோலுரித்து, உப்பில் தொட்டு, மோரோடு உண்ணும். 1845இல் தொடங்கிய பெரும்பஞ்சத்துக்கு முன் உழைக்கும் ஆண் ஒருவர் ஒரு நாளில் ஐந்தாறு கிலோ கிழங்கு தின்றார். சத்தில் குறையில்லாத சாப்பாடுதான்.

ஒன்றையும் வீணாக்காத அந்தக் கைகளை முதலில் வியந்துகொண்டேதான் இருந்தேன். பிறகு கூடையில் இல்லாதவை கண்ணில் பட்டன. அதே வீட்டார்தான் ஓட்ஸ் விளைவித்தார்கள். அது நிலக் குத்தகை கட்டப் போனது. வெண்ணெய் சந்தைக்குப் போக, மோர் வீட்டுக்கு நின்றது. கிழங்கு தின்று கொழுத்த பன்றிக்கு, குத்தகை கட்டும் கனவான் என்றே பெயர். கிழங்கோ பாரம் மிகுந்தது, அடுத்த அறுவடை வரை தாங்காது, தொலைவுக்கு அனுப்பி விற்கத் தோதில்லை. ஆகவே அது வீட்டோடு தங்கியது. ஒரு ஏக்கரில் ஒரு குடும்பம் பிழைக்க முடிந்ததால் நிலமும் தலைமுறைக்குத் தலைமுறை துண்டாகிக்கொண்டே போனது. பழைய கிழங்கு தீர்ந்து புதுக்கிழங்கு வராத ஜூலை மாதம் ஆண்டுதோறும் பசி மாதம்.

ஏழையின் சாமர்த்தியம் என்று நாம் போற்றுவதில் பாதி, அவனிடமிருந்து எடுக்கப்பட்டதன் கணக்கு. அதை மறந்துவிட்டு அந்தக் கழுத்துப்பட்டைக் கஞ்சியைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

1845இல் இலைக்கருகல் நோய் வந்தது. ஏழைகள் பெரும்பாலும் நட்டிருந்தது ‘லம்பர்’ என்ற ஒரே ரகம். வயல் வயலாக அழுகியது. 1846இல் இன்னும் மோசம். அப்போதும் ஓட்ஸும் வெண்ணெயும் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தன. சில ஆண்டுகளில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் மாண்டார்கள். அதைவிட அதிகம் பேர் கடல் கடந்தார்கள்.

பிள்ளைகளுக்குச் சேதி சொன்ன முதியவர்களில் பலருடைய பெற்றோர் அந்த ஆண்டுகளைக் கடந்து பிழைத்தவர்கள்.

1847இல் நோய் அவ்வளவாகத் தாக்கவில்லை. நட்ட இடத்தில் நன்றாகவே விளைந்தது. ஆனால் நட்ட இடம் கொஞ்சம். கண் பார்த்து அறுக்க வேண்டிய விதைக்கிழங்கைப் பல வீடுகளில் குளிர்காலத்திலேயே அவித்துத் தின்றிருந்தார்கள்.