தேர்ந்தோர்க்கு மட்டுமா?

கொட்டாஞ்சேனையில் எனக்குத் தெரிந்த மாணவன் ஒருவனிடம் பழைய மடிக்கணினி ஒன்று உண்டு. 2022-இல் டொலரின் விலை 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோது, புதிய கணினி என்பது அவன் தகப்பனாரின் சம்பளத்துக்கு எட்டாத பொருளாயிற்று. 2025 ஒக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான வழமையான ஆதரவும் முடிந்தது. விண்டோஸ் 11-ஐ அவனுடைய இயந்திரம் ஏற்காது. ஆகவே லினக்ஸை நாடினான்; அதிலும், யாரோ புகழக் கேட்டு, ஆர்ச் லினக்ஸையே நாடினான். இரண்டு இரவுகள் கரிய திரையின் முன் இருந்து தோற்றான். உதவி கேட்டபோது, 'இது உன்னைப் போன்றவர்களுக்கு உரியதன்று' என்ற விடையே கிடைத்தது.

இவ்விடை நியாயந்தானா?

ஆர்ச் லினக்ஸ் 2002-இல் கனடா நாட்டவரான ஜட் வினெட் தொடங்கியது. அதன் கொள்கையில் ஒளிவுமறைவில்லை. பங்களிப்போரின் தேவையை நிறைவுசெய்வதே அதன் நோக்கம்; பெருந்தொகையினரைக் கவர்வதன்று. வாசித்து, தன் சிக்கலைத் தானே தீர்க்கத் துணிந்தவருக்கே அது உரியது. கூலியின்றி உழைப்போரிடம் 'எனக்கு இலகுவாக்கித் தா' என்று அதட்டும் உரிமை எவருக்கும் இல்லை. மேலும், இலகுவாக்கல் என்பது பல வேளைகளில் மறைத்தலே. வட்டைத் தன் கையால் பிரித்து, ஒவ்வொரு கட்டளையையும் தானே தட்டியவன், தன் இயந்திரத்தினுள் நடப்பதை அறிவான். பொத்தானை அழுத்தியவன் அறியான். இதனை மனமார ஒப்புகிறேன்.

ஆயின், வட்டைப் பிரிப்பதிலுள்ள கடினம் யாவர்க்கும் பொது. அதை விளக்கும் ஏடு ஆங்கிலத்தில் இருப்பதால் வரும் கடினம் அத்தகையதன்று. ஆங்கிலவழி பயின்ற வெள்ளவத்தைப் பையன் ஒரு மாலையில் வாசித்து முடிப்பதை, தமிழ்வழி பயின்ற இவன் அகராதியோடு மல்லுக்கட்டி வாசிக்கிறான். அங்கே தோற்பது இவன் அறிவா? தேர்ச்சி என்று நாம் மெச்சுவதில் பிறப்பின் வசதிக்கு உள்ள பங்கு எவ்வளவு?

ஈழத்து இலக்கிய உலகுக்கு இவ்வழக்குப் புதிதன்று. 1960-களின் தொடக்கத்தில், பேச்சுத்தமிழைக் கதைகளில் ஏற்றிய எழுத்தாளரை நோக்கி 'இழிசனர் வழக்கு' என்று பண்டிதர் சிலர் சீறினர். இலக்கணத்தைக் காக்கவேண்டும் என்ற அவர்தம் கவலை பொய்யன்று. எவர் எழுதலாம், எவர் எழுதலாகாது என்று தீர்ப்பளிக்க அது தலைப்பட்டபோதுதான் வேறொன்றாயிற்று.

ஆர்ச்சும் ஒரே நிலையில் நின்றதில்லை. பட்டியல் காட்டி நிறுவித்தந்த கருவியை 2012-இல் கைவிட்டது; 2021 ஏப்ரிலில் 'ஆர்ச்-இன்ஸ்டோல்' என்ற வேறொரு கருவியைச் சேர்த்துக்கொண்டது. கையால் நிறுவும் வழி அதனால் அழிந்துவிடவில்லை. எனினும் அக்கருவி ஒன்றே இம்மாணவனுக்குப் போதாது. முதற் பழுது நேரும் நாளில் அவன் வாசித்தே ஆகவேண்டும். அவன் வாசிப்பதற்குத் தமிழில் எழுதித் தரும் கடமை எங்கோ உள்ள தொண்டர்களுடையதா? காலி வீதியோரம் ஆங்கிலமும் கணினியும் கற்றுவிட்டுச் சும்மா இருக்கின்ற நம்முடையதே. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மூன்றாம் இரவு நானே நிறுவிக் கொடுத்துவிடலாமென்று போனேன். அவன் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"நீங்கள் செய்ய வேண்டாம், சேர். இந்த வரிக்குக் கருத்தை மட்டும் சொல்லுங்கோ, நான் தட்டுறன்."