அறியாமல் இழுத்துச் சென்ற மீன்

அறியாமல் செய்த தீங்கிற்கு மனிதன் பொறுப்பாளியா? இது பழைய கேள்வி. "தெரியாமல் நடந்துவிட்டது" என்று ஒருவர் சொன்னால் நாம் பெரும்பாலும் மன்னித்துவிடுகிறோம். நான் என் மாணவர்களை அப்படி மன்னித்திருக்கிறேன். என்னையும் மன்னித்திருக்கிறேன். 2019 ஆகஸ்ட் விடுமுறையில் கனடாவில் ஒரு படகில் கழிந்த காலைப்பொழுது, அந்த மன்னிப்பில் எனக்கு ஐயத்தை உண்டாக்கியது.

ராத்தாவின் மகன் ரொறன்ரோவுக்கு அருகில் வசிக்கிறான். ஓய்வு நாட்களில் ஒன்ராறியோ ஏரியில் சமன் பிடிப்பான். நமக்குச் சமன் என்றால் ரின்னில் அடைத்த மீன்; அதற்குள் இருப்பதும் பெரும்பாலும் வேறு மீன்தான். அந்த ஏரிக்கே உரிய சமன் இனம், ஆற்றணைகளாலும் காடழிப்பாலும் மிதமிஞ்சிய மீன்பிடியாலும் 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அற்றுப்போயிற்று. இன்று அங்கு பிடிபடும் சினூக் இனம், பசிபிக் கரையிலிருந்து கொணரப்பட்டு 1960களின் பிற்பகுதியிலிருந்து விடப்பட்டது.

கோடையில் ஏரியின் மேல்நீர் சூடேறிவிடும். சமன் 12 பாகை செல்சியஸ் அளவான குளிரைத் தேடி ஆழத்துக்குப் போய்விடும். ஓடும் படகிலிருந்து விடும் தூண்டில் அவ்வளவு ஆழம் இறங்காது. அதற்காகத்தான் 'டவுன்றிகர்' என்ற கருவி. படகின் ஓரத்தில் ஓர் உருளை, அதில் சுற்றிய உருக்குக் கம்பி, கம்பியின் நுனியில் 10 இறாத்தல் குண்டு. தூண்டிலின் தங்கூசியை ஒரு கிளிப்பினால் அதனோடு பிணைத்து, வேண்டிய ஆழத்துக்கு இறக்குவார்கள். பிறகு படகு மணிக்கு நாலைந்து கிலோமீற்றர் வேகத்தில் ஊர்ந்து செல்லும். மீன் இரையைக் கவ்வி இழுத்ததும் கிளிப்பிலிருந்து தங்கூசி கழன்றுவிடும். வளைந்து நின்ற கோல் சட்டென நிமிரும். அதற்குப் பிறகு பாரம் இல்லை, மீனும் மனிதனும்தான்.

"பாத்தீங்களா மாமா, நியாயமான சண்டை" என்றான் மருமகன். நானும் ஒப்புக்கொண்டேன்.

நெடுநேரம் எதுவும் அகப்படவில்லை. இரையை மாற்றுவதற்காக ஒரு குண்டை மேலே ஏற்றினான். கொக்கியில் ஒன்றரைச் சாண் நீளமான சமன் குஞ்சு ஒன்று செத்துக் கிடந்தது. எப்போது கவ்வியது என்று இருவருக்கும் தெரியாது.

"சின்னன் மாமா. கிளிப்பக் கழட்டுற அளவுக்கு அதுக்குப் பெலனில்ல."

கிளிப்பின் இறுக்கத்தைத் தீர்மானிப்பவர் யார் என்று கேட்டேன். நாம்தான் என்றான். தளர்வாக வைத்தால் அலைக்கும் நீரின் இழுவைக்கும் வீணாகக் கழன்று தொல்லை தரும். இறுக்கி வைத்தால் பெரிய மீன் மட்டுமே தன் வருகையை அறிவிக்கும்.

மீன் தின்னும் எனக்கு ஒரு குஞ்சுக்காக வருந்த என்ன உரிமை என்று வாசகர் கேட்கலாம். பிடித்து உண்பது வேறு. இந்தக் குஞ்சோ எவருக்கும் பயன்படாமல், எவரும் அறியாமல், துடித்துச் செத்தது. நாங்கள் அதை அறியவில்லை என்பது உண்மை. ஆனால் அறியாதிருக்கும்படி கருவியை அமைத்தவர்களும் நாங்களே. நம் வசதிக்காக நாமே அமைத்துக்கொண்ட அறியாமையை மன்னிப்புக்குரிய காரணமாகக் காட்ட முடியுமா?

படகிலிருந்து இறங்கிய பின்பும் ஒரு முகம் என் நினைவில் நின்றது. சில ஆண்டுகளுக்கு முன், தரம் 7இல் கடைசி வாங்கில் இருந்த மாணவன் அவன். பாடம் முடிந்ததும் "விளங்கினதா?" என்று கேட்பேன். முன்வரிசை "ஓம் சேர்" என்று முழங்கும். விளங்காத கெட்டிக்காரன் கையை உயர்த்துவான். இவன் இரண்டையும் செய்யவில்லை. மூன்றாம் தவணையில் ஒருநாள் தனியே வாசிக்கச் சொன்னபோதுதான், அவனுக்கு எழுத்துக் கூட்டவே வராது என்று கண்டேன். அவன் எதையும் மறைக்கவில்லை. கையை உயர்த்தும் துணிவுள்ளவனின் கஷ்டம் மட்டும் எனக்கு எட்டும்படி என் வகுப்பை நான் அமைத்திருந்தேன். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்ல வேண்டும் என்று ஆசிரிய கலாசாலையில் மனனம் செய்தவன் நான். அவனுக்கு என்ன தெரியும் என்று இரண்டு தவணைகளாகப் பார்க்கவேயில்லை.

எல்லாத் துடிப்பையும் உணரும் கருவி எதுவும் இல்லை. அதனால் எல்லாவற்றையும் அறிந்திருக்க வேண்டும் என்பது நம் கடமையாக இருக்க முடியாது. ஆனால் அறிவிப்பு வரவில்லை என்பதற்காக ஒன்றும் நடக்கவில்லை என்று இருந்துவிடவும் கூடாது. பழகிய மீன்பிடிகாரர்கள் கோலின் நுனியில் சிறு நடுக்கத்தையும் கவனிப்பார்களாம். இடையிடையே குண்டை ஏற்றியும் பார்ப்பார்களாம். இப்போது நான் ஒவ்வொரு நாளும் நாலைந்து பிள்ளைகளை அருகில் அழைத்து வாசிக்கச் சொல்கிறேன். பாடத்திட்டம் சற்றுப் பின்தங்குகிறது. அதற்காக ஏச்சும் வாங்கியிருக்கிறேன்.

சென்ற மாதம் மருமகன் பேசினான். இப்போது அரைமணிக்கொரு தடவை குண்டை ஏற்றிப் பார்க்கிறானாம்.

"அநேகமா ஒண்டும் இருக்காது மாமா. எண்டாலும் ஏத்திப் பாக்கிறன்" என்றான்.