முட்டும் மாட்டுக்கு உரியவன்

இரண்டு பேர் எதிரெதிரே அமர்ந்திருக்கிறார்கள். நடுவில் உள்ள திரையில் இரண்டு வீரர்கள் ஒருவரையொருவர் குத்தியும் உதைத்தும் வீழ்த்தப் பார்க்கிறார்கள். ஆனால் அமர்ந்திருப்பவர்களின் கைகளோ மடிமீது சும்மா கிடக்கின்றன. பொத்தான் எதையும் அவர்கள் அழுத்துவதில்லை. திரையில் மோதுபவர்கள் அவர்கள் வாரக்கணக்காகப் பழக்கி அனுப்பிய கணினி வீரர்கள். களத்தில் இறங்கியபின் பழக்கியவருக்கு அங்கே வேலை இல்லை, பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இப்படியும் ஒரு போட்டி உண்டு என்பதை நமக்கு எடுத்துச் சொன்னவன் ஆம்பூரில் காலணித் தொழிற்சாலைக்குச் செல்லும் குடும்பத்து இளைஞன் ஒருவன். விளக்கி முடித்ததும் அவன் கேட்டான்: “என் ஆளு ஜெயிச்சா, அது நான் ஜெயிச்ச மாதிரியா பாதர்?” விளையாட்டாகக் கேட்ட கேள்விதான். ஆயினும், நமக்காக வேறொன்று போரிடும்போது அந்தச் செயல் யாருடையது என்பது அறநெறியாளர்களை நெடுங்காலமாக அலைக்கழித்துவரும் கேள்வி. வெற்றியை உரிமை கொண்டாட நாம் விரைகிறோம். அதே செயலால் தீங்கு விளையுமானால் அதையும் அதே வேகத்தில் உரிமை கொண்டாடுவோமா?

முதலில் இந்தப் பழக்கும் கலையைக் கொஞ்சம் அறிந்துகொள்வோம். நிண்டெண்டோ நிறுவனம் 2014-இல் ‘அமிபோ’ என்னும் சிறு பொம்மைகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பொம்மையின் அடியில் ஒரு சில்லு உண்டு. ‘சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ்’ என்ற சண்டை விளையாட்டில் அதைச் சேர்த்தால், பொம்மைக்குரிய வீரன் திரையில் உயிர் பெறுவான். தொடக்கத்தில் அவனுக்கு ஒன்றும் தெரியாது. பழக்குபவர் அவனோடு மீண்டும் மீண்டும் மோத மோத, ஒவ்வொரு படியாக உயர்ந்து ஐம்பதாம் படியை எட்டுகிறான். கற்றது அனைத்தும் அந்தப் பொம்மைக்குள்ளேயே பதிவாகிறது. 2024 ஜனவரியில் வெளிவந்த ‘டெக்கென் 8’ இன்னும் ஒருபடி மேலே போயிற்று. ஆடுபவர் எப்போது பின்வாங்குகிறார், எந்த அடியை விரும்புகிறார், பதற்றத்தில் என்ன செய்கிறார் என்பதையெல்லாம் கவனித்து, அவரைப் போலவே ஆடும் ஒரு நிழலை அது உருவாக்குகிறது. உரியவர் உறங்கிக்கொண்டிருக்கும்போதும் அவருடைய நிழலோடு வேறொருவர் மோதிப் பார்க்கலாம்.

இங்கே சிந்திக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அந்த வீரனிடம் அறிவுரை செல்லாது. ‘பொறுமையாக இரு, வீண் ஆரவாரம் வேண்டாம்’ என்று வாயால் சொல்லிப் பயனில்லை. பழக்குபவர் பொறுமையாக ஆடினால் அவனும் பொறுமையைக் கற்பான். அவர் எதிராளியைக் கேலி செய்து துள்ளிக் குதித்தால் அதையும் ஒழுங்காகக் கற்றுக்கொள்வான். பிள்ளைகளுக்கு மறைக்கல்வி கற்பிக்கும் பெற்றோரும் ஆசிரியரும், ஏன், மறையுரை ஆற்றுகின்ற நம்மைப் போன்றோரும், இந்தப் பொம்மையை ஒருமுறை கையில் எடுத்துப் பார்ப்பது நல்லது.

அடுத்த முறை இன்னும் நுட்பமானது. அங்கே பழக்குபவர் ஆடிக் காட்டுவதே இல்லை. பரிசை மட்டும் குறித்துவிடுகிறார். தென்கொரியாவின் என்சிசாஃப்ட் நிறுவனத்து ஆய்வாளர்கள் ‘பிளேட் அண்ட் சோல்’ என்ற சண்டை விளையாட்டுக்கென இவ்வாறு வீரர்களைப் பழக்கி, 2018-இல் தேர்ந்த ஆட்டக்காரர்களோடு மோதவிட்டார்கள். வீரன் தனக்குத்தானே எண்ணற்ற முறை மோதிக் கற்கிறான். எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்பதை மட்டுமே மனிதர் தீர்மானிக்கிறார். எதிரிக்கு ஏற்படும் காயத்துக்கு அதிக மதிப்பெண் தந்து, நேரம் கடந்தாலும் எட்டி நின்றாலும் மதிப்பெண்ணைக் குறைத்தால், பாய்ந்து தாக்கும் வீரன் பிறக்கிறான். தன் உயிரைக் காப்பதற்கு அதிகம் தந்தால் காத்து நிற்கும் வீரன் பிறக்கிறான். இரண்டுக்கும் நடுவில் ஒருவன். மூவரும் ஒரே வழியில் கற்றவர்கள்தாம். அவர்களது குணத்தை வேறாக்கியது எண்களில் செய்த சிறு மாற்றம். மீண்டும் மீண்டும் செய்யும் செயல்களே பழக்கமாகி, பழக்கமே ஒருவரது இயல்பாகிறது என்று புனித தோமா அக்குவினாரிடம் குருமடத்தில் பாடம் படித்தோம். அந்த ஆய்வுக்கூடத்தில் அதை எண்களாகவே காணலாம்.

ஜப்பானின் ரிட்சுமேகன் பல்கலைக்கழகம் நடத்தும் போட்டி ஒன்றும் குறிப்பிடத்தக்கது. அங்கே மாணவர்களும் ஆய்வாளர்களும் எழுதிய கணினி வீரர்கள் மோதுகிறார்கள். களத்தில் நடப்பதை அந்த வீரர்கள் உடனே அறிய முடியாதபடி கால் நொடி தாமதம் வைத்திருக்கிறார்கள். காரணம் எளிது. மனிதக் கண்ணுக்கும் கைக்கும் இடையே அவ்வளவு தாமதம் இயல்பாகவே உண்டு. 2022 முதல், திரையைக் காணாமல் ஒலியை மட்டும் கேட்டு மோதும் வீரர்களுக்கும் அங்கே தனிப் போட்டி உண்டு; பார்வையற்றோரும் ஆடத்தக்க விளையாட்டுகளை அமைப்பது அதன் நோக்கம். சண்டை விளையாட்டு என்றதும் முகம் சுளிப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பழக்கி மோதவிடுவது நம் நாட்டுக்குப் புதிதன்று. விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் சேவலின் உருவம் செதுக்கிய ஒரு நடுகல் இருக்கிறது. ஏறத்தாழ 1500 ஆண்டுகளுக்கு முன், சேவற்போரில் ஈடுபட்ட ஒரு சேவலின் நினைவாக வட்டெழுத்தில் பொறித்து நட்டது அது. சேரியின் பெயர் அதில் இருக்கிறது, சேவல் இருக்கிறது. பழக்கியவரின் பெயர் இல்லை. புகழ் மோதியதற்கே சேர வேண்டும் என்று அந்த ஊரார் நினைத்தார்கள் போலும். நம் ஆம்பூரிலேயே பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்து நடுகற்கள் கிடைத்தன. அவை ஆநிரைப் போரில் மாண்ட மனிதர்களுக்கு உரியவை. சேவலுக்கும் கல், வீரனுக்கும் கல். இரண்டும் உயிரை விலையாகக் கொடுத்தவை.

இன்றும் பொங்கலையொட்டி வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் எருது விடும் விழா நடைபெறுகிறது. மதுரைப் பக்கத்து ஏறுதழுவுதல் போன்றதன்று இது. இருபுறமும் தடுப்பு கட்டிய பாதையில் காளை ஓட, எத்தனை நொடியில் எல்லையைக் கடந்தது என்று கணக்கிடுவார்கள். உச்ச நீதிமன்றம் 2014-இல் தடுத்ததையும், 2017-இல் சட்டம் திருத்தப்பட்டதையும், 2023 மே மாதம் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தச் சட்டத்தை ஏற்றதையும் நாம் அறிவோம். அந்த வழக்கின் நியாயங்களுக்குள் இப்போது புக வேண்டாம். பரிசு காளையின் பெயரில் அறிவிக்கப்பட்டாலும், வீட்டுக்குக் கொண்டுபோகிறவர் அதன் உரிமையாளர் என்பதே நமக்கு வேண்டியது.

சேவற்போரைப் பற்றிச் சிந்தித்த மறைவல்லுநர் ஒருவர் உண்டு என்றால் சிலர் வியக்கலாம். புனித அகுஸ்தினார் திருமுழுக்குப் பெறுவதற்கு முந்தைய ஆண்டு, 386-இல், மிலானுக்கு அருகே ஒரு பண்ணை வீட்டில் தம் மாணவர்களோடு தங்கியிருந்தார். ஒழுங்கைப் பற்றி அவர் அங்கே எழுதிய நூலில், வழியில் இரண்டு சேவல்கள் மோதக் கண்டு எல்லாரும் நின்றுவிட்ட செய்தி வருகிறது. அவற்றின் அசைவில், வென்றதன் செருக்கில், தோற்றதன் குலைந்த கோலத்தில்கூட ஓர் ஒழுங்கு இருப்பதைக் கண்டு அவர் வியக்கிறார். வியந்ததோடு நிற்கவில்லை. இந்தக் காட்சி நம்மை ஏன் இழுத்து நிறுத்துகிறது, நமக்குள் எது இதில் இன்பம் காண்கிறது என்று வினவுகிறார். களத்தைப் பார்த்தவர் தம் உள்ளத்தையும் திரும்பிப் பார்த்தார்.

2011-இல் வெளிவந்த ‘ஆடுகளம்’ திரைப்படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த வினாவின் கூர்மை விளங்கும். கொல்லச் சொல்லிக் குரு ஒதுக்கிய சேவலைச் சீடன் காப்பாற்றிக் களத்தில் இறக்க, அது வெல்கிறது. அதன்பின் குருவின் நெஞ்சில் மூளும் பொறாமைதான் கதை. சேவல்கள் தங்கள் சண்டையை முடித்துக்கொண்டுவிட்டன. வளர்த்தவர்களின் சண்டை முடியவில்லை.

இனி அந்த இளைஞனின் கேள்விக்கு வருவோம். கணினி வீரனுக்கு வலி இல்லை. கத்தி கட்டிய காலும் இல்லை, கிழிந்த கொண்டையும் இல்லை. மோதியே தீர வேண்டும் என்றால் இப்படி மோதவிடுவது சேவற்கட்டைவிட எவ்வளவோ மேல் என்பதே நம் கருத்து. இதைப் பாவப் பட்டியலில் சேர்க்க நமக்கு மனமில்லை. ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. சேவலைக் களத்தில் விட்டவன், நடுவே அதைத் தூக்கித் தண்ணீர் காட்ட வேண்டும். அதன் இரத்தம் அவன் கையில் படும். செத்தால் தூக்கிக்கொண்டு போக வேண்டியவனும் அவனே. கொடுமையான விளையாட்டுத்தான், ஆயினும் அதன் விலை உரியவனின் கண்முன்னே இருந்தது. விலை தெரிந்தவன் ஒருநாள் நிறுத்தவும் கூடும். விலையே இல்லாத களத்தில் எந்த இடத்தில் நிறுத்துவது?

விடுதலைப் பயண நூலின் 21-ஆம் அதிகாரத்தில், தோல் தொழிலும் காளையும் நிறைந்த நம் பகுதி மக்கள் கூர்ந்து படிக்க வேண்டிய ஒரு சட்டம் இருக்கிறது. ஒரு மாடு யாரையேனும் முட்டிக் கொன்றுவிட்டால் மாடு கல்லெறிந்து கொல்லப்பட வேண்டும். அதற்கு உரியவன்மேல் குற்றம் இல்லை. ஆனால் அது முன்பே முட்டும் பழக்கமுடையதாக இருந்து, உரியவனிடம் எச்சரித்தும் அவன் கட்டிவைக்காமல் விட்டிருந்தால், அவனும் சாவுக்குரியவன். தண்டனை அக்காலத்துக்குரியது. அதில் அடங்கிய வேறுபாடோ எக்காலத்துக்கும் உரியது. மாடு செய்ததற்கெல்லாம் மனிதன் பொறுப்பல்லன்; தெரிந்திருந்தும் விட்டதற்குப் பொறுப்பு.

கணினி வீரனை இந்தச் சட்டத்தின்முன் நிறுத்திப் பாருங்கள். காளைக்கேனும் தனக்கென்று ஓர் இயல்பு உண்டு. உரியவன் அறியாத வெறி அதற்குள் இருந்திருக்கலாம். கணினி வீரனுக்கோ பழக்கியவன் தந்த குணத்தைத் தவிர வேறு குணம் இல்லை. அது என்ன செய்யும் என்று ஒவ்வோர் அசைவையும் முன்கூட்டிச் சொல்ல முடியாமல் போகலாம். எதற்குப் பரிசு வைத்தோம் என்பது மட்டும் நிச்சயம் தெரியும். ஆகவே இதற்கு உரியவன், எச்சரிக்கப்பட்ட உரியவன்தான். ‘மாடு முட்டும் என்று எனக்குத் தெரியாது’ என்று அவன் சொல்ல முடியாது. ‘நீ வென்றாய்’ என்று அந்த இளைஞனிடம் தயங்காமல் சொன்னோம். அவன் மகிழ்ந்தான். அதன் மறுபக்கத்தையும் சொன்னபோது சற்று யோசித்தான்.

விளையாட்டுத்தானே, இதற்கு ஏன் மோசேயின் சட்டம் என்று கேட்கலாம். 2020 ஆகஸ்டு மாதம் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு அமைப்பான ‘தார்பா’ ஒரு போட்டியை நடத்தி முடித்தது. எட்டு அணிகள், தாங்கள் பழக்கிய கணினி விமானிகளை, கணினி உருவாக்கிய வானத்தில் போர் விமானச் சண்டைக்கு அனுப்பின. இறுதியில் ஹெரான் சிஸ்டம்ஸ் என்ற சிறு நிறுவனத்தின் விமானி, பயிற்சி பெற்ற விமானப்படை விமானி ஒருவரை ஐந்துக்குப் பூச்சியம் என்ற கணக்கில் வென்றது. எப்படி வென்றது என்பதே நம் கவலை. அது நேருக்கு நேர் பாய்ந்து மிக நெருக்கத்தில் சுட்டது. இரு விமானங்களும் மோதிச் சிதறக்கூடும் என்பதால் மனித விமானிகளுக்குப் பயிற்சியில் தடைசெய்யப்பட்ட முறை அது. இயந்திரத்துக்குச் சாவு இல்லை. ஆகவே அச்சமும் இல்லை. கொரிய ஆய்வாளர்களின் பாய்ந்து தாக்கும் வீரனை இங்கே நாம் அடையாளம் கண்டுகொள்ளலாம்.

திரை வானத்திலிருந்து உண்மை வானத்துக்கு வர மூன்று ஆண்டுகள்தாம் ஆயின. 2023-இல் கலிபோர்னியாவின் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில், இத்தகைய கணினி விமானி எஃப்-16 வகையைச் சேர்ந்த உண்மையான விமானம் ஒன்றை இயக்கி, மனிதர் ஓட்டிய விமானத்தோடு போர்ப் பயிற்சியில் ஈடுபட்டது. அதனுள் இரண்டு மனித விமானிகளும் அமர்ந்திருந்தார்கள். தேவைப்பட்டால் கணினியை நிறுத்தும் வசதி அவர்கள் கையருகே இருந்தது. ஒருமுறைகூட அதைப் பயன்படுத்த நேரவில்லை என்று பெருமிதத்தோடு அறிவித்தார்கள். இந்தப் பெருமிதம் நம்மை அச்சுறுத்துகிறது. பயன்படாத கை விரைவில் மடிக்குப் போய்விடும். பிறகு அந்த இருக்கையும் வீண் சுமை என்று தோன்றும்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2024 ஜூன் 14 அன்று இத்தாலியில் கூடிய ஜி7 நாடுகளின் தலைவர்கள்முன் பேசியபோது, மனித உயிரைப் பறிக்கும் முடிவை எந்த இயந்திரமும் எடுக்கலாகாது என்றும், தாமே இயங்கும் கொலைக்கருவிகளைத் தடை செய்ய வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். அந்த மேடையில் ஒரு திருத்தந்தை பேசியது அதுவே முதன்முறை. அதற்கு ஆறு மாதங்களுக்கு முன், 2023 டிசம்பரில், இக்கருவிகளால் எழும் கேள்விகளை உடனே ஆராய வேண்டும் என்ற தீர்மானம் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் வந்தது. 152 நாடுகள் ஆதரித்தன. நான்கு நாடுகள் எதிர்த்தன. அந்த நான்கில் நம் நாடும் ஒன்று. இதைப் பேச ஏற்கெனவே ஜெனீவாவில் ஓர் ஒப்பந்த அரங்கம் இருக்கிறது, வேறிடம் வேண்டியதில்லை என்பது நம் அரசின் வாதம். அந்த அரங்கில் இப்பேச்சு தொடங்கியது 2014-இல், அமிபோ பொம்மைகள் கடைக்கு வந்த அதே ஆண்டில். பொம்மைகள் ஐம்பதாம் படியை எட்டிப் பல காலம் ஆயிற்று. ஜெனீவாவிலோ நாடுகளைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை எதுவும் இன்னும் கையெழுத்தாகவில்லை.