மனநிலையும் கைத்திறனும்

ஒருவன் ஆற்றல் அவன் உடல்வலியின் அளவினதோ, மனநிலையின் அளவினதோ என்பது ஆராயற்பாலது. சப்பான் தேயத்துத் தக்குவான் (1573–1645) என்னுந் துறவி, தொக்குகவாத் தலைவர்க்கு வாட்பயிற்சி கற்பித்த யக்யூ முனேனோரி என்பார்க்கு இதுபற்றி ஒரு கடிதம் விடுத்தனர். பகைவன் வாளின்மேல் மனந் தங்கின், அவ்வாளே நம்மைச் சிறைகொள்ளும். தன் வாளின்மேல் தங்கினும் அஃதே. ஆயிரங்கை அவலோகிதர் ஒரு கையிற் கருத்தை நிறுத்திவிடின், ஏனை 999 கைகளும் பயனிலவாம் என்பது அவர் காட்டிய உவமை.

அற்றேல் மனமொன்றே அமையும், பயிற்சி வேண்டாவெனின், அற்றன்று. கருத்துணர்வும் கைப்பயிற்சியும் வண்டியின் இருசக்கரம் போல்வன என்பதூஉம் அவர் கொள்கை. பயிலாதான் அஞ்சாமை பேதைமை. பயின்றான் அஞ்சாமையே திறம்.

உலக வாழ்விலும் இஃதொக்கும். அவைக்கண் நிற்பான் ஒருவன், கேட்போர் நகுவரோ என்னும் நினைவிலே மனந் தங்குவனாயின், கற்ற சொற்களும் அவன் நாவிற்கு வாரா. பொருளோடு மனம் ஒழுகின் அவை தாமே வரும். சார்ந்ததன் வண்ணமாதல் உயிர்க்கியல்பு என்பது நம் சித்தாந்தத் துணிபு. அச்சத்தைச் சார்ந்தார்க்கு அச்சமே வண்ணமாம். ஆகலின் திறங் குன்றியதென வருந்துவோர், தம் மனம் யாண்டுத் தங்கிற்றென முதற்கண் ஆராய்வாராக.